முதல் அரை மாரத்தான் ஓடுவதும், அதைச் சொல்லி நிதி திரட்டுவதும்

மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். இப்போதுதான் ஓடப் பழகுகிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம், அதில் பாதியான 21.1 முதல் வருஷத்துக்குத் தாராளம். நம்ம ஊரிலேயே கோவை மாரத்தான் இருக்கிறது. 2013 முதல் கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக நடத்துகிறார்கள், சில வருஷங்களாக டிசம்பரில் வருகிறது. டிசம்பர் என்றால் ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் அந்த மாதங்களில் விடியற்காலை ஓட்டம் சுகமாகவும் இருக்கும். நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

படி 1: எந்த அமைப்புக்கு என்று முடிவு செய்யுங்கள்

போட்டிக்குப் பெயர் கொடுக்கிற அன்றே இதையும் முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்ற பதில்தான் கிடைக்கும். பதிவு பெற்ற அறக்கட்டளையா, வங்கிக் கணக்கு அதன் பெயரிலேயே இருக்கிறதா, நன்கொடை தருபவருக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி சலுகை உண்டா, இந்த மூன்றையும் நேரில் கேட்டுவிடுங்கள். 80ஜி பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் பயன்படும், ஆனாலும் தொழில் செய்கிற உறவுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

படி 2: கால்களைப் பழக்குங்கள்

முதல் மாதம் வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம் போதும். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. மாதக் கடைசியில் அது மூன்று நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று மாறி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் 5 கிலோமீட்டர் வந்திருந்தால் சரி. வேகத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஓடிக்கொண்டே ‘ஏனுங்க, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சியாச்சுங்களா?’ என்று மூச்சு வாங்காமல் போனில் கேட்க முடிந்தால் அதுதான் உங்கள் வேகம்.

அதற்குப் பிறகு ஞாயிறு ஓட்டத்தில் மட்டும் வாரம் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் கூட்டுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை நன்றாகக் குறைத்து ஓய்வு கொடுங்கள். போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் 16 கிலோமீட்டர் தொட்டுவிட்டால் போதும், மீதி அன்றைக்குக் கூட்டத்தோடு கூட்டமாக வந்துவிடும். கடைசி இரண்டு வாரம் குறைக்கத்தான் வேண்டும், பயத்தில் கூட்டக் கூடாது.

இடம் பற்றி. கோவையில் ரேஸ்கோர்ஸ் சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர், தண்ணீர் பாட்டிலை ஓரிடத்தில் வைத்துவிட்டால் சுற்றுக்கு ஒருமுறை குடித்துக்கொள்ளலாம். ஆறு மணிக்கு மேல் நடக்கிறவர்கள் கூட்டம், அதற்குள் முடித்துவிடுங்கள். கோபி, ஈரோடு பக்கம் இருப்பவர்களுக்குக் கீழ்பவானி வாய்க்கால் மேடு. மண் பாதை காலுக்கு இதம், ஆனால் இருட்டில் பாம்பு கிடக்கும், டார்ச் இல்லாமல் போகாதீர்கள். தெருநாய் துரத்தினால் ஓடாமல் நடந்து கடந்துவிடுங்கள்.

ஷூவுக்குச் செலவு செய்யுங்கள். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து, முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி விட்டு வாங்குங்கள். உடைக்கு அவ்வளவு செலவு வேண்டாம். திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பருத்தி பனியனில் நெடுந்தூரம் ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். வியர்வையைக் குடித்து, கனத்து, மார்புக்காம்பை உரசி ரத்தமே வரவைத்துவிடும். அதே திருப்பூரில் தைக்கும் பாலியஸ்டர் டீ-ஷர்ட் மலிவாகவே கிடைக்கிறது. தொடையிலும் அக்குளிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

முந்தைய இரவு வழக்கமான அரிசிம்பருப்புச் சாதம், காலையில் ஒரு வாழைப்பழம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டே இருக்காதீர்கள், ரத்தத்தில் உப்பு குறைவது ஆபத்து. ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து கலக்கிக்கொள்ளுங்கள். முழங்காலில் சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். நெஞ்சு வலித்தால் உடனே மருத்துவமனை.

படி 3: பணம் கேளுங்கள்

பலர் ஓடிவிடுவார்கள், கேட்க மட்டும் கூச்சப்படுவார்கள். குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டால் கும்பிடும் கைகள்தான் வரிசையாக வரும், காசு வராது. ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள், தொகையையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

எனக்குப் பிடித்த முறை கிலோமீட்டரைப் பங்கு வைப்பது. ஒரு நோட்டில் 1 முதல் 21 வரை எழுதுங்கள். கிலோமீட்டருக்கு 500 ரூபாய் என்றால் மொத்தம் 10,500. ‘பெரியப்பா, டிசம்பர்ல கேன்சர் நோயாளிகளுக்காக 21 கிலோமீட்டர் ஓடறனுங்க. அதுல ஒரு கிலோமீட்டர் நீங்க எடுத்துக்கோங்க, எந்த நம்பர் வேணும்?’ ‘ஓடறது நீ, காசு நானா?’ என்று சிரிப்பார்கள், அப்புறம் நம்பர் சொல்லிவிடுவார்கள். முதல் சில கிலோமீட்டர்களைச் சொந்த வீட்டுக்காரர்கள் பெயரில் நிரப்பிவிட்டு வெளியே காட்டுங்கள், காலியான நோட்டில் முதல் ஆளாக எழுத யாருக்கும் மனசு வராது. மொய் நோட்டு மாதிரிதான்.

பணம் உங்கள் ஜி-பே எண்ணுக்கு வரவே கூடாது. அறக்கட்டளைக் கணக்குக்கு அவரவரே நேராக அனுப்பட்டும், ரசீதும் அவரவர் பெயரில் வரும். ரொக்கம்தான் தருவேன் என்பவரை அலுவலகத்துக்கே கூட்டிப் போங்கள், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துக்கு வரிச்சலுகை கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். உங்கள் ஷூ, பதிவுக் கட்டணம் எதுவும் இந்தப் பணத்தில் சேராது.

படி 4: போட்டி நாளும் மறுநாளும்

புது ஷூ, புது சாப்பாடு எதுவும் அன்றைக்கு வேண்டாம். முதல் மூன்று கிலோமீட்டர் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். தண்ணீர் தரும் இடங்களில் நடந்தே குடியுங்கள்.

மறுநாள் நோட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அவர்கள் கிலோமீட்டர் எண்ணைச் சொல்லி நன்றி அனுப்புங்கள், அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்த மொத்தத் தொகையையும் எழுதுங்கள். சொல்லிவிட்டுத் தராதவர்களுக்கு ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம். அதற்கு மேல் கேட்டால் கல்யாண வீட்டில் முகம் பார்க்க முடியாது.