பல வயதுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில்: பாடத்திட்டம் வகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலங்கைமான் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். 30 பிள்ளைகள், 3 ஆசிரியர்கள். ஆறு வயதுப் பிள்ளையும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து படிப்பார்கள். அங்கே ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். குறுவை எப்போது, தாளடி எப்போது, நாற்றை எத்தனை நாளில் பறிக்க வேண்டும் என்று எதைக் கேட்டாலும் சொல்வாள். ஒருநாள் 302-இலிருந்து 147-ஐக் கழிக்கச் சொன்னேன். 245 என்று எழுதினாள். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருந்தாள். கடன் வாங்கிக் கழிப்பது அவளுக்குப் புரியவே இல்லை. ஆனால் அவளுடைய பதிவேட்டில் கழித்தலுக்கு நேரே எட்டு மாதத்துக்கு முன்பே நான் டிக் போட்டிருந்தேன்.

அந்த 245-ஐ நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவரவர் வேகத்தில் படிக்கட்டும் என்று சொல்லும்போது பிள்ளையிடம் நாம் கொடுப்பது வேகத்தை மட்டும்தான். எதற்குப் பிறகு எது வர வேண்டும், இந்தப் பிள்ளை இன்று எங்கே நிற்கிறது என்கிற இரண்டும் ஆசிரியர் கையிலேயே இருக்க வேண்டும். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் பிடி நழுவும் இடத்தில்தான் தொடங்கின.

எல்லாப் பாடத்தையும் ஒரே மாதிரி நடத்துவது

கணக்கும் வாசிப்பும் ஏணி மாதிரி. இடமதிப்பு தெரியாமல் கடன் வாங்கிக் கழிக்க முடியாது. வகுத்தல் தெரியாமல் பின்னத்தில் ஏறினால், தசமத்துக்கு வரும்போது கால் வழுக்கும். இந்தப் பாடங்களில் பிள்ளைகளை வயதை வைத்துப் பிரிக்காமல் நிலையை வைத்துச் சின்னச் சின்னக் குழுவாக உட்கார வைக்க வேண்டும். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளைப் பிரித்ததும் இந்த எண்ணத்தில்தான்.

ஊர், ஆறு, உடம்பு, செடிகொடி, வரலாறு எல்லாம் வேறு வகை. இவற்றை எந்த வருடம் படித்தாலும் குடி முழுகிவிடாது. எல்லா வயதும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கலாம். முதல் வருடம் தண்ணீர், அடுத்த வருடம் மண்ணும் பயிரும், மூன்றாம் வருடம் ஊரும் அதன் பழங்கதையும் என்று மூன்று வருடச் சுழற்சி போட்டால் போதும். அப்புறம் முதலிலிருந்து வரும்போது பிள்ளைக்கு மூன்று வயது கூடியிருக்கும், கேள்விகளும் வளர்ந்திருக்கும். மாண்டிசோரி முறையில் 3 முதல் 6, 6 முதல் 9, 9 முதல் 12 என்று மூன்று மூன்று வயதாகச் சேர்த்து வைப்பதும் இந்தச் சுழற்சிக்குப் பொருந்தி வருகிறது.

இந்த இரண்டு வகையையும் குழப்பினால் ஒன்று, கணக்கைச் சுழற்சியில் போட்டு அடித்தளம் ஆடிப்போகும். இல்லையென்றால் ஆற்றைப் பற்றிய பாடத்தை ஐந்து வகுப்புக்கு ஐந்து விதமாக நடத்தி ஆசிரியர் ஓய்ந்துபோவார். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் ஈராசிரியர் பள்ளிகளில் இந்த ஓய்ச்சலைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஏணியைப் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை அரசுக் கணக்குப் புத்தகங்களைத் தரையில் பரப்பிப் பாருங்கள். எண்கள், வடிவியல், அளவைகள், அமைப்புகள் என்று அதே தலைப்புகள் வகுப்புக்கு வகுப்பு திரும்ப வரும். வகுப்பு வாரியாக இருப்பதைத் தலைப்பு வாரியாக அடுக்கினால் ஏணி கிடைத்துவிடும். சின்னப் பள்ளி என்பதாலேயே அரசுப் புத்தகத்தை ஒதுக்கி வைப்பது வீண் வீம்பு.

வயலுக்குப் போய்விட்டுச் சும்மா திரும்புவது

டெல்டாவில் பள்ளி நடத்துகிறவர்களுக்குக் கொட்டிக் கிடக்கிற பாடம் இது. பிள்ளைகளை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போகிறோம். கால் நனைக்கிறார்கள், படம் வரைகிறார்கள், திரும்பி வருகிறோம். ‘அனுபவக் கல்வி’ என்று குறிப்பும் எழுதிவிடுகிறோம். அந்த ஒரு நாளில் ஒவ்வொரு வயதுக்கும் என்ன வேலை என்று முன்கூட்டியே யோசிக்காததுதான் தவறு.

நாங்கள் செய்த ஒன்றைச் சொல்கிறேன். நம் பக்கத்து வீடுகளில் இன்னும் நிலத்தைக் குழி, மா, வேலி என்றுதான் பேசுகிறார்கள். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஏழு வயதுக்காரர்கள் கயிறு பிடித்து மைதானத்தில் ஒரு குழியை அளந்து, அதற்குள் எத்தனை பேர் நிற்கலாம் என்று நின்று பார்த்தார்கள். எட்டு, ஒன்பது வயதுக்காரர்களுக்கு 144 சதுர அடி என்று பெருக்கிக் கண்டுபிடிக்கிற வேலை. பெரியவர்கள் ஒரு மா 14,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 33 சென்ட் என்று கண்டார்கள். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர் என்பது வரைக்கும் போனார்கள். ஒரே கயிறு, மூன்று நிலைக் கணக்கு. அன்று மாலை வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் “நமக்கு எத்தனை குழி?” என்று கேட்காத பிள்ளை இல்லை.

மேட்டூர் அணை இன்னொன்று. வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். தினமும் செய்தித்தாளில் நீர்மட்டம் வரும். சின்னவர்கள் அதைச் சுவரில் கட்டம் போட்டுக் குறிக்கலாம். பெரியவர்களுக்கு இப்படிக் கேட்கலாம்: அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. நொடிக்கு 10,000 கன அடி திறந்துவிட்டு, மேலிருந்து ஒரு சொட்டும் வராவிட்டால் எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாளைக்கு 86.4 கோடி கன அடி போகும். கிட்டத்தட்ட 108 நாள். சம்பாவுக்கு அது போதுமா என்று அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்டுவிடுவார்கள்.

பெரிய பிள்ளையைச் சட்டாம்பிள்ளை ஆக்குவது

திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்கு அடுத்து சட்டாம்பிள்ளை. மூத்த மாணவன் இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் நம் மண்ணில் பழையது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். அது இங்கிலாந்துக்குப் போய் ‘மதராஸ் முறை’ என்று பெயர் வாங்கியது. நல்ல முறைதான். சொல்லிக்கொடுக்கும்போதுதான் பலருக்குப் பாடம் தெளிகிறது.

ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு இதை மருந்தாக்கிவிடக் கூடாது. பெரிய பிள்ளைக்கும் அவனுடைய ஏணி இருக்கிறது, அதில் ஏற அவனுக்கு நேரம் வேண்டும். ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அவனுக்கு முழுதாகத் தெரிந்ததை மட்டும் சொல்லித்தரட்டும். ஜோடியை வாராவாரம் மாற்றுங்கள். முக்கியமாகப் பெண்பிள்ளைகளைக் கவனியுங்கள். வீட்டில் தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டிருப்பவளிடம் பள்ளியிலும் இரண்டு குழந்தைகளை ஒப்படைக்கிறோம். பொறுப்பான பெண் என்று பாராட்டவும் செய்கிறோம். அவளுடைய படிப்பு பின்தங்குவது கடைசியில்தான் தெரியும்.

ஏணியைப் போட்டி ஆக்குவது

சின்ன ஊரில் அண்ணன் தம்பி, சித்தப்பா பிள்ளை எல்லாரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். தம்பி முந்திவிட்டால் அண்ணனுக்கு வீட்டில் நிம்மதி போய்விடும். பெயர் எழுதிய முன்னேற்ற அட்டவணையைச் சுவரில் மாட்டாதீர்கள். பெற்றோர் “எத்தனையாவது படியில் இருக்கான்?” என்று கேட்டால், போன மாதம் எழுதியதையும் இந்த மாதம் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

டிக் மட்டும் போட்டு வைப்பது

முடித்ததும் கற்றதும் ஒன்று என்று நம்பி நான் செய்த தவறு இது. அதன் பிறகு மூன்று விஷயம் எழுதத் தொடங்கினோம்: தேதி, உதவியில்லாமல் என்ன செய்தான், எந்த இடத்தில் நின்றுபோனான். ஒரு நாளைக்கு ஆறு பிள்ளைகளோடு தனியாக உட்கார்ந்தால், 30 பேரையும் வாரம் ஒருமுறை பார்த்துவிடலாம். முடித்த பாடத்தை மூன்று வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கணக்காகவோ ஒரு பத்தி வாசிப்பாகவோ திரும்பக் கேட்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் குச்சிக் கட்டுகளை வைத்து ஒரு நூறைப் பத்துப் பத்தாகப் பிரித்துக் காட்டினேன். நான்காம் நாள் அவளாகவே 155 என்று எழுதினாள்.

வேறு பள்ளிக்குப் போகும் நாளை மறந்துவிடுவது

நம் பள்ளியில் பெரும்பாலும் ஐந்தாவதோடு முடியும். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, அதனால் இடம் கிடைத்துவிடும். ஆனால் மணியடித்தால் புத்தகம் மாற்றுவது, கேள்வித்தாளைப் பார்த்து நேரத்துக்குள் எழுதி முடிப்பது, 40 பேர் நடுவே கை தூக்கிச் சந்தேகம் கேட்பது எல்லாம் அவர்களுக்குப் புதிது. கடைசி வருடம் வாரத்தில் ஒரு காலையை இதற்கென்றே ஒதுக்குங்கள். போகும்போது மாற்றுச் சான்றிதழோடு இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எதில் கெட்டி, எதில் இன்னும் கைபிடிக்க வேண்டும், எப்படிச் சொன்னால் புரிந்துகொள்வான். புதிய பள்ளியில் அதை வாங்கிப் படிக்கிற ஆசிரியர் ஒருவராவது இருக்கிறார். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியிலிருந்து அப்படி ஒருவர் என்னைப் போனில் கூப்பிட்டு, இன்னொரு பிள்ளைக்கும் இதுபோல எழுதித்தர முடியுமா என்று கேட்டார்.