கோலாலம்பூரில் ஜெர்மன் பி1 எழுதுகிறவர்களுக்கு: வாசிப்புத் தாள் யாருடையது என்று முதலில் கேளுங்கள்

ஊரிலிருந்து புதிதாக வந்து, இங்கிருந்தபடியே ஜெர்மனிக்கு முயற்சி செய்கிறவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் ஒரு நிலைக்குப் பெயர் பி1. "பி1 படிக்கிறேன்" என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "யாருடைய பி1?" என்றுதான். பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை.

பதிவு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில், ஜெர்மன் மொழி கற்பிக்கும் ஜெர்மனியின் பண்பாட்டு அமைப்பான கோதே நிறுவனமே தேர்வு நடத்துகிறது. பினாங்கில் இருப்பவர்கள் மலேசிய ஜெர்மன் சங்கத்தில் வகுப்புக்குக் கேட்கலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். நம்மில் பலருக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் இருக்கும் இடம் காலியாக இருக்கும். அதை எப்படி நிரப்புவது என்று பதியும்போதே கேட்டுவிடுங்கள். தேர்வன்று அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டு போங்கள். தேர்வு காகிதத்திலா, கணினியிலா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பி1 என்பது நிலையின் பெயர்தான், தேர்வின் பெயர் அல்ல. அந்த நிலைக்குக் கோதேயும் தேர்வு நடத்துகிறது, டெல்க் என்ற அமைப்பும் நடத்துகிறது. சிபிஎஸ்இ, ஸ்டேட் போர்டு இரண்டும் பிளஸ் டூதான், ஆனாலும் ஒன்றின் வினாத்தாளை வைத்து மற்றதற்கு யாரும் படிக்க மாட்டோம். இங்கே அதைத்தான் செய்ய வைக்கிறார்கள்.

என் தோழி திருநெல்வேலியில் நர்சிங் முடித்தவள். கணவர் வேலைக்காக இங்கே வந்தவள். மாலை வகுப்பு ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தாள். அங்கே மாதக்கணக்கில் வாசிப்புப் பயிற்சிக்குக் கொடுத்ததெல்லாம் டெல்க் தாள்கள். மேலே இருந்த பெயரை மறைத்துவிட்டு நகல் எடுத்திருந்தார்கள். பதிவு செய்து கொடுத்ததோ கோதே தேர்வுக்கு.

டெல்க்கில் வாசிப்பும், இடைவெளியில் சொல் நிரப்பும் இலக்கணப் பகுதியும் சேர்ந்து 90 நிமிடம். கோதேயில் வாசிப்பு தனி: 5 பகுதிகள், 30 கேள்விகள், 65 நிமிடம். டெல்க்கில் பத்திக்குத் தலைப்பு பொருத்த வேண்டும், கோதேயில் அந்தப் பகுதியே கிடையாது. அவள் விழுந்து விழுந்து பழகியது அதைத்தான்.

அவளைக் கவிழ்த்தது மூன்றாம் பகுதி. இரண்டு தேர்விலும் விளம்பரங்களை ஆட்களோடு பொருத்தச் சொல்வார்கள். டெல்க்கில் 10 பேர், 12 விளம்பரங்கள், யாருக்காவது பொருந்தவில்லை என்றால் x. கோதேயில் 7 பேர், 10 விளம்பரங்கள். ஒரே ஒருவருக்குத்தான் விளம்பரம் இருக்காது, அங்கே 0 போட வேண்டும். ஒரு விளம்பரத்தை ஒரு முறைதான் பயன்படுத்தலாம், எடுத்துக்காட்டில் வந்ததை மறுபடி எடுக்கக் கூடாது. இவள் இரண்டு பேருக்கு "இல்லை" என்று முடிவுகட்டிவிட்டாள். ஒருவருக்குத்தான் இருக்காது என்பது மனதில் பதிந்திருந்தால், இரண்டாவதை நிச்சயம் திரும்பிப் பார்த்திருப்பாள்.

வந்த மதிப்பெண் நூற்றுக்கு 57. பாஸுக்கு 60, அதாவது முப்பதில் பதினெட்டு. ஒரே ஒரு கேள்வியில் போனது. பேச்சிலும் எழுத்திலும் நன்றாக வாங்கியிருந்தாள். ஊராக இருந்தால் அப்பாவோ அண்ணனோ அந்த வகுப்புக்கே போய் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். இங்கே அவளும் கணவரும் மட்டும்தான், விசா புதுப்பிக்கும் அலைச்சல் வேறு. கேட்காமலே விட்டுவிட்டார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அந்த மூன்றாம் பகுதியை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். "வேலைக்குப் போகும் ஒரு பெண், சனிக்கிழமைகளில் நீச்சல் கற்க விரும்புகிறாள்" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீச்சல் பற்றி மூன்று விளம்பரங்கள் இருக்கும். ஒன்று குழந்தைகளுக்கானது. இன்னொன்று நீச்சல் உடை விற்கும் கடை. மூன்றாவது பெரியவர்களுக்குத்தான், ஆனால் கடைசி வரியில் திங்கள் முதல் வெள்ளி வரை என்று போட்டிருக்கும். நீச்சல் என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாக எழுதப் போகும். எழுத விடாதீர்கள். ஆளின் தேவையில் எத்தனை நிபந்தனை இருக்கிறதோ அத்தனைக்கும் கீழே கோடு போடுங்கள். எல்லாம் பொருந்தினால் மட்டும் அந்த விளம்பரத்துக்குரிய எழுத்தைப் போடுங்கள்.

நான்காம் பகுதியும் டெல்க் தாளில் பழகியவர்களுக்குப் புதிது. பள்ளியில் கைபேசியைத் தடை செய்யலாமா என்பது போல ஒரு கேள்வி, ஏழு பேரின் கருத்து. தடைக்கு அவர் ஆதரவா இல்லையா என்பதுதான் விடை. ஒருவர் கைபேசியைத் திட்டித் திட்டி ஆரம்பிப்பார், முடிவில் "ஆனாலும் தடை தீர்வாகாது" என்பார். கடைசி வாக்கியம் வரை படிக்காமல் குறிக்காதீர்கள்.

நீட், வங்கித் தேர்வு எழுதிப் பழகிய நமக்குத் தெரியாததை விட்டுவிடும் பழக்கம் உண்டு. கோதேயில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். காகிதத் தேர்வில் விடைகளைத் தனி விடைத்தாளுக்கு மாற்றி எழுதும் நேரமும் அந்த 65 நிமிடத்துக்குள்தான். அதற்கு 5 நிமிடம் ஒதுக்குங்கள். பேனாவால் எழுதுங்கள், பென்சில் கூடாது.

மாதிரித் தாள்கள் கோதே இணையதளத்தில் இலவசம், விடைகளோடும் விடைத்தாளோடும் கிடைக்கும். ஃபோட்டோஸ்டாட் கடையில் அச்செடுத்துக்கொண்டு ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போய்விடுங்கள். விடைத்தாளுக்கான 5 நிமிடம் போகக் கைபேசியில் 60 நிமிடம் வைத்து, ஒரே மூச்சில் ஐந்து பகுதிகளையும் முடியுங்கள். எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு திரையில் ஒவ்வொரு பகுதியாகப் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

வாசிப்பில் மட்டும் போய்விட்டால் வகுப்பில் முழு கோர்ஸையும் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். கோதே பி1-இல் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு நான்கையும் தனித்தனியாக எழுதலாம். பாஸான மூன்றை அப்படியே வைத்துக்கொண்டு வாசிப்புக்கு மட்டும் பதியுங்கள். என் தோழியும் அப்படித்தான் பதிந்திருக்கிறாள். இந்த முறை தாள்களை அவளே அச்செடுக்கிறாள்.