டீச்சர்ஸ் சண்டையில பிரின்சிபால் சறுக்குற இடங்கள்

தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வர்த் பக்கம் 20 வருஷத்துக்கு மேல ஸ்டாஃப்ரூம்ல உக்காந்து பாத்தவ நான். டீச்சர்களுக்குள்ள வர்ற சண்டை பாதிக்கு மேல குணத்தால வர்றதில்ல, வேலைய பங்கு போட்ட விதத்தால வருது. அத பாக்காம "அவங்க ரெண்டு பேருக்கும் ஆகாதும்மா"னு தலைமை முடிவு கட்டிடுறதுதான் பெரிய தப்பு.

ஒரு குளிர்காலம், ஃப்ளூவுல ஆறேழு பேர் லீவு. காலையில டெபுட்டி பிரின்சிபால் ரிலீஃப் புக்க, அதாவது வராதவங்க கிளாஸ யார் பாக்கணும்னு எழுதுற புக்க, மேஜையில வச்சாரு, ஒரு மேம் தன் பேர சிவப்பு பேனாவால அடிச்சுட்டு மேலயே இன்னொருத்தர் பேர எழுதிட்டாங்க, டீ பிரேக்ல ஒரே கத்தல். பிரின்சிபால் ரெண்டு பேரையும் கூப்பிட்டு கை குடுக்க வச்சு அனுப்பிட்டாரு. புக்க அவர் தொறக்கவே இல்ல. நான் அப்புறம் எண்ணுனேன், 3 வாரத்துல அந்த மேமுக்கு 11 ரிலீஃப், எதிர்ல நின்னவங்களுக்கு 2. கை குடுத்தா அந்த கணக்கு சரியாயிடுமா? வருஷம் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் முகம் குடுத்து பேசல.

அடுத்தது, முதல்ல ஆபீஸ் கதவ தட்டுறவங்க பேச்சையே நம்புறது. இங்க பாதி ஸ்டாஃப் ஒரே கோயில்ல காவடி எடுக்கிறவங்க, சொந்தம் வேற. ஒருத்தர் உங்களுக்கு வேண்டியவங்கன்னா விசாரணைய டெபுட்டிகிட்ட விட்டுடுங்க, இல்லன்னா நீங்க நியாயமா பேசினாலும் எடுபடாது.

காலை பிரீஃபிங்ல "சில டீச்சர்ஸ் இப்படி நடந்துக்கிறாங்க"னு பொதுவா சொல்றது, அதையே வாட்ஸ்அப் குரூப்ல போடுறது, ரெண்டும் வேண்டாம். யாரச் சொல்றீங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அவங்களுக்கு பதில் சொல்ல மட்டும் வழி இருக்காது.

இன்னொண்ணு, எதையும் எழுதி வைக்காம மாசக்கணக்கா பொறுத்துட்டு ஒரு நாள் வெடிச்சு நேரா ஹியரிங்குனு, அதாவது ஒழுங்கு நடவடிக்கை விசாரணைன்னு, போறது. 1998 ஆசிரியர் பணிச் சட்டத்துல சின்ன தப்புக்கு படிப்படியா வழி இருக்கு, முதல்ல கூப்பிட்டு பேசுறது, அப்புறம் வாய் வார்த்தையா எச்சரிக்கை, அதுக்கப்புறம்தான் எழுத்துல, அதுவும் 6 மாசம்தான் செல்லும். ஹியரிங் வச்சா 5 வேலை நாளுக்கு முன்னாடியே நோட்டீஸ் குடுக்கணும், யூனியன் ஆளையோ கூட வேலை செய்யறவரையோ துணைக்கு கூட்டிட்டு வரலாம். இதுல ஒரு படி விட்டாலும் ஈஎல்ஆர்சி வரைக்கும், அதாவது டீச்சர்ஸ் வேலை தகராறு பாக்குற கவுன்சில் வரைக்கும், இழுக்கலாம், அங்க "பல தடவ சொன்னேன்"னா யார் நம்புவா, தேதி எங்கன்னு கேப்பாங்க.

ஆனா கை நீட்டுற அளவுக்கு போனா சமாதானம் பேசி மூடி வைக்காதீங்க, அது கல்வி டிபார்ட்மெண்ட் பாக்க வேண்டிய விஷயம். மத்ததுக்கெல்லாம் கோபம் ஆறுனதும் அதே வாரத்துக்குள்ள தனித்தனியா கூப்பிட்டு கேளுங்க, அவங்க சொன்னத அவங்க வார்த்தையிலயே எழுதி தேதி போட்டு கையெழுத்து வாங்குங்க. அவங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி ரிலீஃப் புக்கும், பரீட்சை மேற்பார்வை யாருக்குன்னு போட்ட இன்விஜிலேஷன் ஷீட்டும் உங்க மேஜையில தொறந்து இருக்கட்டும்.