ஃபர்னஸ் வாங்கும் முன் அளவைப் பாருங்கள்

ரொறன்ரோ பக்கம் வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸை மாற்ற நினைக்கிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, எந்தக் கம்பனி நல்லது என்றுதான். அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் பேஸ்மென்டுக்கு இறங்கி, ஃபர்னஸின் சுவிட்சை அணைத்துவிட்டு, முன்கதவைக் கழற்றி உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். இன்புட் (எரிக்கும் காஸின் வெப்பம்), அவுட்புட் (வீட்டுக்குக் கிடைக்கும் வெப்பம்) என்று பிடியூ என்ற வெப்ப அளவில் இரண்டு எண்கள் இருக்கும். இன்புட் 100,000, அவுட்புட் 80,000 என்றால் நீங்கள் காசு கொடுக்கும் காஸில் ஐந்தில் ஒரு பங்கு புகைபோக்கி வழியாகப் போய்விடுகிறது.

மீதி 80 சதவீதம்தான் வீட்டைச் சூடாக்குகிறது. குளிர்காலம் முழுவதற்கும் பார்க்கும் இந்தச் சதவீதத்துக்குத்தான் ஏஎஃப்யூஇ (AFUE) என்று பெயர். கனடாவில் 2019 ஜூலையிலிருந்து புதிதாகச் செய்யப்படும் வீட்டு காஸ் ஃபர்னஸ் குறைந்தது 95 சதவீதம் இருக்கவேண்டும். 80-லிருந்து 96-க்குப் போனால், சூடாக்க 150 டொலருக்கு எரியும் காஸ் 125 டொலருக்கு வந்துவிடும். அதே 96-லிருந்து 98-க்குப் போனால் இரண்டரை டொலர்தான் மிஞ்சும், அதற்காகப் பல நூறு டொலர் கூடக் கொடுக்காதீர்கள்.

பணம் வீணாவது பெரும்பாலும் அளவில்தான். "எதற்கும் கொஞ்சம் பெரிதாகவே போடுவோம்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். தேவைக்கு மீறிய ஃபர்னஸ் ஐந்து நிமிடம் சீறிவிட்டு நின்றுவிடும், ஹால் கொதிக்கும், மேல்மாடி மூலை அறையில் பிள்ளைகள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பார்கள், அடிக்கடி எரிந்து அணைவதால் மெஷினும் சீக்கிரம் தேயும். மைனஸ் 18 அளவுக்குக் குளிரும் இரவில் ஒரு மணி நேரம் கவனித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் உங்கள் ஃபர்னஸ் ஏறக்குறைய நிற்காமல் ஓடவேண்டும். முப்பது நிமிடம்தான் ஓடுகிறது என்றால், அது வீட்டுக்குத் தேவையானதைப்போல் இரண்டு மடங்கு பெரிது. அதே அளவில் இன்னொன்றை வாங்கிவிடாதீர்கள்.

விலை சொல்ல வருபவர், சரியான அளவைக் கணக்கிட, ஜன்னல்களை அளக்கிறாரா, கூரைக்கு அடியில் அட்டிக்கில் சூட்டைக் காக்கும் இன்சுலேஷன் எவ்வளவு என்று கேட்கிறாரா என்று பாருங்கள். பழைய தகட்டை மட்டும் பார்த்துவிட்டு விலை எழுதித் தருபவரை விட்டுவிடலாம். சின்னத் தீ, பெரிய தீ என்று இரண்டு நிலையில் எரியும் டூ-ஸ்டேஜ் பர்னரும், காற்றாடியின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் ஈசிஎம் மோட்டாரும் கேளுங்கள், பெரும்பாலான நாட்கள் சின்னத் தீயிலேயே ஓடும், சத்தமும் குறைவு. இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள்: புதிய ஃபர்னஸின் புகை பிளாஸ்டிக் குழாயில் சுவர் வழியாகப் போய்விடும், பழைய புகைபோக்கியில் வாட்டர் ஹீட்டர் மட்டும் தனியாக மிஞ்சினால் என்ன செய்வது? அந்தப் புகைபோக்கி அதற்கு மட்டும் பெரிதாகிப்போய், புகை மேலே ஏறாமல் வீட்டுக்குள் திரும்பலாம், கார்பன் மோனாக்சைடு விளையாட்டில்லை. அதன் உள்ளே லைனர் என்ற சிறிய குழாய் போடவேண்டியிருந்தால் அந்தச் செலவையும் விலையில் எழுதச் சொல்லுங்கள். வேலை செய்பவரிடம் ஒன்டாரியோ மாகாணத்தில் காஸ் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்பான டிஎஸ்எஸ்ஏ-வின் பதிவு இருக்கவேண்டும்.

கதவைத் தட்டி "மாதம் கொஞ்சம்தான், வாடகைக்குப் போடுகிறோம்" என்று வருபவரிடம் கையெழுத்துப் போடவே வேண்டாம். அழைக்காமல் வீடு தேடி வந்து ஃபர்னஸ் ஒப்பந்தம் போடுவதை ஒன்டாரியோ 2018 மார்ச்சிலேயே தடை செய்துவிட்டது. வீட்டில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

ஃபர்னஸைப் பொருத்தி முடித்ததும் வெளியே போய், சுவர் வழியாக வரும் அந்த வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். பனி குவிந்து வாய் அடைபட்டால் ஃபர்னஸ் நடு இரவில் நின்றுவிடும்.