மாப்பிள்ளையின் போட்டோவில் மயங்காமல் விசாரிப்பது எப்படி

எங்கள் பக்கம் கலியாணம் பேசும்போது போட்டோ வந்ததும் முதலில் வரும் சொல் "பொடியன் நல்ல வடிவு". அடுத்த மூச்சிலேயே "முகத்தைப் பார்த்தாலே நல்ல பிள்ளை என்று விளங்குது" என்பதும் வந்துவிடும். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் யாரும் எதையும் விசாரிக்கவில்லை. மட்டக்களப்பு, அம்பாறையில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பதுதானே வழக்கம், ஆகவே தெரிவு பிழைத்தால் அந்தப் பிழை நம் வளவுக்குள்ளேயே குடியிருக்கும். என் சித்தியின் மகளுக்கு அப்படித்தான் ஆனது. ஒரு சிரித்த முகத்தைப் பார்த்துத் தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி, அது இன்றைக்கும் எனக்கு நோகிறது.

மனித மனமே அப்படித்தான் வேலை செய்கிறது. 1920இல் தோர்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் இராணுவ அதிகாரிகள் தங்கள் ஆட்களுக்குப் போட்ட புள்ளிகளைப் பார்த்தார். உடற்கட்டுக்கு நல்ல புள்ளி வாங்கியவனுக்குக் குணத்துக்கும் சேர்த்துக் கூட்டிப் போட்டிருந்தார்கள். 1972இல் மூன்று பெண் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் வெறும் போட்டோக்களைக் காட்டிக் கேட்டபோது, வடிவானவர்கள்தான் நல்ல குணசாலிகள், நல்ல கணவன் மனைவியாக இருப்பார்கள் என்று பதில் வந்தது. நல்ல தாய் தகப்பனாக இருப்பார்கள் என்று மட்டும் வரவில்லை.

சரி, என்ன செய்யலாம்? போட்டோவைப் பார்க்கும் முன்பே ஒரு தாளில் உங்களுக்கு எது முக்கியம் என்று எழுதிவிடுங்கள்: குடி, கடன், கோபம் வந்தால் கை நீட்டுவானா, தாயோடு எப்படிப் பேசுகிறான். போட்டோ வந்த பிறகு அந்தத் தாளில் எதையும் வெட்டக் கூடாது. முகம் பிடித்திருக்கிறதா என்பது தனிக் கேள்வி, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் பெண், மாமாக்கள் இல்லை.

அப்புறம், யாரிடம் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தரகரிடமும் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடமும் கேட்டால் நல்லதுதான் சொல்வார்கள், அவர்களுக்கு முன்னால் எல்லோரும் நல்லவர்களாகத்தான் நிற்பார்கள். அவனுக்குக் கீழே வேலை செய்தவர்களைத் தேடிப் போங்கள். "ஆள் நல்லவனா?" என்று கேட்காதீர்கள், அதற்கு "ஓம்" என்பதைத் தவிர யார் என்ன சொல்வார்? "வெள்ளாமை வெட்டின கையோடு கூலி தந்தாரா, இழுத்தடித்தாரா? வெள்ளம் வந்து வயல் அழிந்த வருசம் என்ன செய்தார்?" என்று நடந்ததைக் கேளுங்கள். ஊர்க் கடையில் கொப்பியில் கடன் கணக்கு எழுதும் அண்ணனுக்குத் தெரிந்த அளவு அவனுடைய சொந்தக்காரருக்குத் தெரியாது. கூலியைப் பற்றிக் கேட்கச் சொல்லித் தந்தது என் சித்தியின் மகள்தான், பட்டு அறிந்து சொன்னாள்.

இதில் மறுபக்கமும் இருக்கிறது, எனக்கு அதுதான் கூடக் கவலை. கறுப்பு, பல் மிதப்பு, கட்டை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிறோமே, அவர்களை யாரும் விசாரிக்கவே போவதில்லை. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கொடுமை. அதற்காக "வடிவானவன் என்றால் திமிர் பிடித்தவன்" என்று மறுபக்கம் சாய்வதும் அதே பிழைதான். அம்பு நேராக இருந்தும் கொல்கிறது, யாழின் கொம்பு வளைந்திருந்தும் இனிக்கிறது, அதனால் செயலைப் பார்த்தே ஆளை எடை போடு என்கிறார் வள்ளுவர். காரைதீவில் பிறந்து அந்த யாழைப் பற்றியே பெரிய நூல் எழுதிய விபுலாநந்த அடிகளின் மண்ணில் இருக்கும் நமக்கு இது புதிதா? ஆகவே வந்த எல்லாப் பேச்சுக்கும் அதே தாள், அதே கேள்விகள், அதே ஆட்களிடம் போகிற அதே நடை.

பதில் சொல்ல இரண்டு கிழமையாவது எடுங்கள். தரகர் அவசரப்படுத்துவார், "வேறு இடத்திலும் கேட்கிறார்கள்" என்பார். கேட்கட்டும், விடுங்கள்.