அமைச்சர் தட்டிக்கழிக்க முடியாதபடி ஒரு நாடாளுமன்றக் கேள்வியை எழுதுவது எப்படி?

மக்களவை கூடும் நாட்களில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் அது 2014 நவம்பர் முதல் நண்பகல் 12 மணிக்குத் தொடங்குகிறது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடில்லாமல் அமைச்சரல்லாத எந்த உறுப்பினரும், அரசின் எந்தத் துறையையும் நோக்கி, அது எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை, எவ்வளவு செலவழித்தது என்று கேட்டு, அவைக்குறிப்பில் நிலைத்திருக்கும் விடையைப் பெறலாம். இந்த உரிமை எளிதில் கிடைத்ததன்று. 1892ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டம்தான் கேள்வி கேட்கவே வழிசெய்தது. கிடைத்த விடையின் மீது துணைக் கேள்வி கேட்க 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிப் பெற்ற உரிமை இன்று பெரும்பாலும் வீணாவதற்கு அமைச்சர்களின் சாமர்த்தியத்தைவிடக் கேள்விகள் எழுதப்படும் விதமே காரணம் என்பது என் கருத்து. உறுப்பினரின் அலுவலகத்தில் கேள்வி தயாரிக்கும் உதவியாளர்களுக்கும், தங்கள் ஊர்ப் பிரச்சினையை உறுப்பினர் வழியாக அவைக்குக் கொண்டுசெல்ல விரும்பும் குடியிருப்போர் சங்கங்கள், பயணிகள் சங்கங்கள் போன்றவற்றுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில், கேட்கப்போகும் பொருள் மத்திய அரசின் பொறுப்பில் வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். காவல்துறை, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளவை. அவற்றைப் பற்றி நேரடியாகக் கேட்டால், கேள்வி ஏற்கப்படாமலே போகலாம், அல்லது 'இது மாநில அரசின் வரம்புக்குட்பட்டது' என்ற ஒற்றை வரி வரும். ஆனால் அரசு மருத்துவமனை மாநிலத்தினுடையது என்றாலும், தேசிய நலவாழ்வு இயக்கத்தின் கீழ் அதற்கு வந்த நிதியில் பெரும்பங்கு மத்திய அரசினுடையது. எவ்வளவு விடுவிக்கப்பட்டது, எப்போது விடுவிக்கப்பட்டது, அது செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் வந்ததா என்று கேட்டால் அமைச்சகம் விடை சொல்லியே ஆக வேண்டும். பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த வேலையின் பாதி.

அடுத்தது, ஏற்கெனவே கேட்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. இரு அவைகளின் கேள்வி விடைகளும் நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் அமைச்சகம், உறுப்பினர், பொருள் வாரியாகத் தேடும் வசதியோடு கிடைக்கின்றன. விடையளிக்கப்பட்ட கேள்வியையே திரும்பக் கேட்பதை விதிகள் தடுக்கின்றன என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், பழைய விடைகளைப் படித்தால் அந்த அமைச்சகம் எந்த இடத்தில் நழுவும் என்பது தெரிந்துவிடும். எளிதில் கிடைக்கும் அரசு ஆவணங்களில் உள்ளதைக் கேட்பதற்கும் தடை உண்டு. ஆகவே ஆண்டறிக்கையையும் அமைச்சகம் தன் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை ஆவணங்களையும் முன்கூட்டியே படித்துவிடுங்கள். கூட்டத்தொடருக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போதே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போட்டு அடிப்படை விவரங்களைப் பெற்றுவிட்டால், அவையில் கேட்கும் கேள்வி அடுத்த கட்டத்திலிருந்து தொடங்கும்.

இனி நடைமுறை. விடை வேண்டிய நாளுக்குக் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பு உறுப்பினர் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வாரத்தின் ஐந்து அமர்வு நாட்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. அந்த அட்டவணை கூட்டத்தொடருக்கு முன்பே செய்தி அறிக்கையாக வெளியாகும். மக்களவையில் ஓர் உறுப்பினர் ஒரு நாளுக்கு ஐந்து அறிவிப்புகள் வரை கொடுக்கலாம். குவியும் அறிவிப்புகளின் வரிசையைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. வாய்மொழி விடைக்கான நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் நாளொன்றுக்கு 20, எழுத்து விடைக்கான நட்சத்திரக் குறியிடாத கேள்விகள் 230. பட்டியலில் வரும் 20இல் ஒரு சிலவற்றுக்கு மட்டுமே அந்த ஒரு மணி நேரத்தில் முறை வரும்; மற்றவற்றின் விடைகள் எழுத்து விடைகளோடு அவை முன் வைக்கப்படும். ஆகவே எண்களும் பட்டியல்களும் வேண்டுமென்றால் எழுத்து விடையே போதும், பல நேரங்களில் அதுவே சிறந்தது. அமைச்சரை நிறுத்தி ஓர் உறுதிமொழியைப் பெற வேண்டிய நிலை இருந்தால் மட்டும் நட்சத்திரக் குறிக்கு முயலுங்கள்.

மக்களவை நடைமுறை விதிகளில் விதி 41 கேள்வியின் வடிவத்தைக் கட்டுப்படுத்துகிறது. கேள்வி சாதாரணமாக 150 சொற்களைத் தாண்டக்கூடாது. வாதம், அனுமானம், ஏளனம், குற்றச்சாட்டு, அடைமொழி எதுவும் கூடாது. கருத்துக் கேட்கக்கூடாது, கற்பனையான சூழ்நிலையை முன்வைக்கக்கூடாது, நீதிமன்ற விசாரணையில் உள்ளதைக் கேட்கக்கூடாது. இவற்றைத் தடைகளாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு இவை நல்ல ஆசிரியரைப் போலத் தோன்றுகின்றன: 'மக்கள் படும் சொல்லொணாத் துயரை அரசு அறியுமா' என்பதை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஓர் எண்ணைக் கேட்க வைக்கின்றன.

கேள்வி கெடும் இடம் பெரும்பாலும் அதன் முதல் பகுதிதான். வழக்கமான வாய்பாடு இது: '(அ) இவ்வாறு நடப்பது அரசுக்குத் தெரியுமா, (ஆ) ஆம் எனில் அதன் விவரம் என்ன, (இ) அரசு எடுத்த நடவடிக்கை என்ன?' இதில் (அ)வுக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டால், (ஆ), (இ) இரண்டுக்கும் 'இக்கேள்வி எழவில்லை' என்று முடித்துவிடலாம். மூன்று பகுதிகளும் ஒரே ஆணியில் தொங்கினால் அந்த ஆணியைப் பிடுங்கினால் போதும். எனவே ஒவ்வொரு பகுதியும் மற்றதைச் சாராமல் தனியே நிற்க வேண்டும். இன்னொரு வழக்கம், '(அ) முதல் (ஈ) வரை' என்று தலைப்பிட்டு, எல்லாப் பகுதிகளுக்கும் சேர்த்து ஒரு பக்கத்துக்குத் திட்டத்தின் பெருமைகளை எழுதிவிடுவது. ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு வகைத் தகவலைக் கேட்டால், அதாவது ஒன்று எண்ணிக்கையையும் ஒன்று தொகையையும் ஒன்று தேதியையும் கேட்டால், அப்படி ஒன்றாகக் கட்டிக் கொடுப்பது கடினமாகும். கொடுத்தாலும் எது விடுபட்டது என்பது படிப்பவருக்கு உடனே புலப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அகல ரயில் பாதைகளில் இருந்த ஆளில்லா லெவல் கிராசிங்குகள் அனைத்தும் 2019 ஜனவரி 31க்குள் அகற்றப்பட்டன. பல இடங்களில் அவற்றுக்குப் பதிலாகத் தாழ்வான சுரங்கப்பாதைகள் கட்டப்பட்டன. மழை பெய்தால் அவற்றில் நீர் தேங்குகிறது. பள்ளிப் பிள்ளைகளும் பால் வண்டிகளும் ஆம்புலன்ஸும் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. இதைப் பற்றி 'தமிழ்நாட்டில் எத்தனை சுரங்கப்பாதைகளில் நீர் தேங்குகிறது' என்று கேட்டால், ரயில்வே பணிகள் மாநிலவாரியாக அல்லாமல் மண்டலவாரியாகவே மேற்கொள்ளப்படுகின்றன என்ற, ரயில்வே அமைச்சகத்தின் விடைகளில் பலமுறை காணக்கூடிய, வரி வந்து நிற்கும். அந்த வரிக்கு இடமே கொடுக்காமல் கேள்வியை இப்படி எழுதலாம்:

(அ) தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில், ஆளில்லா லெவல் கிராசிங்குகளுக்கு மாற்றாகக் கட்டப்பட்ட சுரங்கப்பாதைகளின் எண்ணிக்கையும், அவற்றுள் கடந்த மூன்று ஆண்டுகளில் நீர் தேங்கிப் போக்குவரத்து நின்றதாகப் பதிவானவற்றின் இடவாரியான பட்டியலும்;

(ஆ) நீர் வெளியேற்றும் மோட்டார், வடிகால், மேற்கூரை ஆகியவை அந்தக் கோட்டத்தின் ஒவ்வொரு சுரங்கப்பாதையிலும் உள்ளனவா என்ற விவரம்;

(இ) இப்பணிகளுக்குக் கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஒதுக்கப்பட்ட தொகையும் செலவழிக்கப்பட்ட தொகையும், ஆண்டுவாரியாக;

(ஈ) நிலுவையில் உள்ள பணிகள் முடிவதற்கு நிர்ணயிக்கப்பட்ட தேதி; பராமரிப்பு உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு எனில், அதற்கு அந்த அமைப்பு ஒப்புதல் அளித்த தேதி?

கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். ரயில்வே ஊராட்சியைக் கைகாட்டும், ஊராட்சி ரயில்வேயைக் கைகாட்டும். ஒப்புதலின் தேதியைக் கேட்டுவிட்டால், அப்படி ஓர் ஒப்புதல் இருக்கிறதா இல்லையா என்பது வெளியே வந்துவிடும். கோட்டத்தின் பெயரைக் குறிப்பிடும்போதும் கவனம் தேவை: நாகர்கோவில் திருவனந்தபுரம் கோட்டத்தில் உள்ளது, பொள்ளாச்சி பாலக்காடு கோட்டத்தில் உள்ளது, ஓசூர் தெற்கு ரயில்வேயிலேயே இல்லை, தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் உள்ளது. இதை அறியாமல் கேட்டால், கேட்டவரின் தொகுதியே விடையில் இல்லாமல் போகும். மூன்று ஆண்டுகள் என்று வரையறுப்பதற்கும் காரணம் உண்டு. கடந்த கால வரலாற்றைக் கேட்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. மிக நீண்ட காலத்தைக் கேட்டால் 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்ற விடைக்கும் அது வழிவிடும்.

விடை வந்தபின் அதை எப்படிப் படிப்பது என்பதற்கு 2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் கொடுக்கப்பட்ட ஒரு விடையை நினைவுகூர வேண்டும். கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த இறப்புகளைப் பற்றிய கேள்விக்கு, சுகாதாரம் மாநிலப் பொருள் என்றும், அத்தகைய இறப்புகள் எனக் குறிப்பாக மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் தெரிவிக்கவில்லை என்றும் சுகாதார அமைச்சகம் விடையளித்தது. நாடே கொதித்தது. விடையின் சொற்களை எடைபோட்டுப் பார்த்தால், இறப்பு நேரவில்லை என்று அது சொல்லவில்லை. தெரிவிக்கப்படவில்லை என்றுதான் சொன்னது. அப்படியானால் அடுத்த கேள்வி எங்கே இருக்கிறது? இறப்புகளைத் தெரிவிக்க மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் இருந்ததா, தனியே தெரிவிக்குமாறு எந்தத் தேதியில் எந்தச் சுற்றறிக்கை போனது என்பதில் இருக்கிறது. 2020 செப்டம்பரில், ஊரடங்கின்போது சொந்த ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் கூறியதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். தரவு இல்லை என்பதும் ஒரு தகவலே; அதை அவைக்குறிப்பில் பதியவைப்பது பயனற்ற வேலையன்று. உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் பின்னாளில் காட்டுவதற்கு அதைவிட உறுதியான ஆவணம் வேறில்லை.

நட்சத்திரக் குறியிட்ட கேள்வியானால், அச்சிட்ட விடை அவை கூடுவதற்குச் சற்று முன்பே உறுப்பினருக்குக் கிடைக்கும். அந்தக் குறுகிய நேரத்தில் துணைக் கேள்விகளை இறுதிசெய்ய வேண்டும். கேள்வி கேட்டவருக்கு வழக்கமாக இரண்டு துணைக் கேள்விகளுக்கு வாய்ப்புண்டு. பிறகு அவைத்தலைவர் மற்றவர்களை அழைப்பார். முதலாவதை விடையில் எது விடுபட்டதோ அதன் மீது கேளுங்கள். இரண்டாவதை ஒரு தேதியின் மீது, அல்லது ஒரு பொறுப்பாளரின் மீது கேளுங்கள். முன்னுரையாக இரண்டு நிமிடம் பேசினால் அமைச்சரும் முன்னுரைக்கே விடை சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார். ஒரே வாக்கியத்தில் முடியும் கேள்வியிலிருந்து தப்புவது கடினம். தொகுதி மக்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகத் தமிழில் பேச விரும்பும் உறுப்பினர், மொழிபெயர்ப்பு ஏற்பாட்டுக்காக முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நல்லது.

மழுப்பலான விடையைப் பற்றிக்கொண்டு விடாமல் போனால் என்ன நேரும் என்பதற்கு 1957ஐப் பார்க்கலாம். ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு முதலீடு செய்தது பற்றி அந்த ஆண்டில் மக்களவையில் கேள்வி எழுந்தது. நிதியமைச்சகத்தின் விடைகள் ஐயத்தைத் தீர்க்கவில்லை. ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தி டிசம்பரில் விவரங்களை அடுக்கிப் பேச, நீதிபதி எம்.சி.சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது, நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

விடை போதாது என்றால் உறுப்பினருக்கு மேலும் வழிகள் உண்டு. கேள்வியிலிருந்து எழும் பொருளின் மீது விதி 55இன் கீழ் அரை மணி நேர விவாதம் கோரலாம். அதற்கு மூன்று நாட்களுக்கு முன் அறிவிப்பும் விளக்கக் குறிப்பும் வேண்டும். அமைச்சர் கொடுத்த தகவல் தவறு என்பதற்குச் சான்று இருந்தால், அவைத்தலைவரின் வழிகாட்டுதல் 115இன் கீழ் அதைச் சுட்டிக்காட்டி எழுதலாம். சான்றில்லாமல் இந்த வழியில் இறங்க வேண்டாம். அடுத்த முறை உங்கள் உறுப்பினரின் கடிதத்துக்கு மதிப்பிருக்காது.

எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பயன்படுத்தப்படுவது அரசு உறுதிமொழிக் குழு. மக்களவையில் 1953 முதல் இயங்கும் இக்குழு, அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்குறுதிகளைத் திரட்டி, அவை மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட்டனவா என்று பார்க்கிறது. 'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் திரட்டப்பட்டு அவை முன் வைக்கப்படும்' என்பன போன்ற விடைகளும் உறுதிமொழிகளாகவே கொள்ளப்படுகின்றன. வெற்று விடை என்று நாம் தூக்கிப்போடும் வரிக்கு இப்படி ஒரு கெடு இருக்கிறது. கேள்வி எண், விடை நாள், உறுதிமொழியின் சரியான சொற்கள் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் குறித்துவைத்து, மூன்று மாதம் முடிந்ததும் குழுவுக்கு உறுப்பினரின் பெயரில் நினைவூட்டுக் கடிதம் அனுப்புங்கள்.

சங்கங்களுக்கு ஒரு சொல். உங்கள் கேள்வியை உறுப்பினரிடம் கொடுக்கும்போது, நீங்கள் யார், இதில் உங்களுக்கு என்ன நலன் இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். பணம் பெற்றுக்கொண்டு கேள்வி கேட்டதற்காக 2005 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 11 உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். அதன்பின் வெளியிலிருந்து வரும் வரைவை எந்த நேர்மையான உறுப்பினரும் ஐயத்தோடுதான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். உங்கள் தொகுதியின் மக்களவை உறுப்பினர் அமைச்சராக இருந்தால் அவர் கேள்வி கேட்க முடியாது. அப்போது பக்கத்துத் தொகுதி உறுப்பினரையோ உங்கள் மாநிலத்தின் மாநிலங்களவை உறுப்பினர்களில் ஒருவரையோ அணுகுங்கள். கூட்டத்தொடர் அறிவிக்கப்பட்ட பிறகு போனால் அவர்களுடைய நாட்கள் நிரம்பியிருக்கும். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, 150 சொற்களுக்குள் அடங்கிய வரைவையும் அதற்கு ஆதாரமான தாள்களையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.