செம்புத் தூபத் தட்டு: முதல் தணலிலிருந்து கடைசித் துடைப்பு வரை

செம்புத் தட்டில் தூபம் போட ஆரம்பிப்பவர்கள் எல்லாருக்கும் முதலில் வரும் பயம் ஒன்றுதான்: இவ்வளவு சூட்டைத் தட்டு தாங்குமா? தாங்கும். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும், கரித்தணல் அந்த அளவுக்குப் போகாது. என் அனுபவத்தில் இந்தத் தட்டு நெருப்பால் கெடுவது குறைவு, ஈரத்தால் கெடுவதுதான் அதிகம். கீழே சொல்லியிருப்பதில் பாதி அதனால்தான் துடைப்பது, உலர்த்துவது பற்றியே இருக்கும்.

1. தட்டை முதலில் பாருங்கள்

உள்பக்கம் வெள்ளியைப் போல் பளபளக்கிறதா? அப்படியானால் அது ஈயம் பூசிய தட்டாக இருக்கலாம். பூசப் பயன்படும் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அந்தத் தட்டில் கரி வைக்காதீர்கள். ஊதுபத்தி, கூம்பு வடிவத் தூபம் இவற்றைச் சாம்பல்மேல் வைத்து ஏற்ற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மங்காமல் இருக்கக் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சு போட்ட தட்டுகளும் உண்டு. சாதாரணச் செம்பில் கைபட்ட இடம் நாளடைவில் மங்கும். பல நாள் புழங்கியும் ரேகைகூட விழவில்லை என்றால் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். சூடு பட்டால் அது கருகி நாறும். அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் தொட்டு, திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பே இல்லாமல் துடைத்தெடுங்கள். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள்.

2. அடிப்படுகை

கரியை வெறும் செம்பின்மேல் வைக்கக் கூடாது. செம்பு சூட்டைக் கடத்துவதில் கெட்டிக்காரன், இரும்பைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. நடுவில் வைத்த தணலின் சூடு விளிம்புக்கும் அடிக்கும் சீக்கிரமே வந்துவிடும். தொட்டால் கை சுடும், கீழே இருக்கும் மரப் பலகை கருகும்.

அதனால் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்பி, மேலே ஒரு விரல் கனத்துக்குச் சலித்த சாம்பல் போடுங்கள். சாம்பலுக்குள் காற்று தங்குவதால் சூடு கீழே இறங்காது, தணலுக்கும் மூச்சு கிடைக்கும். மணல் ஈரமாக இருந்தால் வெயிலில் காயவைத்த பிறகே போடுங்கள். கடல் மணல் மட்டும் வேண்டாம், அதிலுள்ள உப்பு செம்பை அரிக்கும். தட்டுக்குக் கால் இல்லையென்றால் அடியில் ஓடு அல்லது கல் வைத்துவிடுங்கள்.

3. கரி பற்றவைத்தல்

தானே பற்றிக்கொள்ளும் கரி வில்லைகளில் வெடியுப்பு கலந்திருக்கும். தீக்குச்சி பட்டதும் ஓரத்தில் தொடங்கி, சின்னச் சின்னப் பொறிகளாக மறு ஓரம் வரை ஓடும். கையில் பிடிக்காமல் இடுக்கியில் பிடித்துப் பற்றவையுங்கள். அப்போது எழும் புகை வெடியுப்பினுடையது. அதற்குள் சாம்பிராணியைப் போட்டுவிட்டால் வாசனையே கெட்டுவிடும். ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுத்தால் பொறி அடங்கி, வில்லையின்மேல் வெண்சாம்பல் படரும். அதுதான் சரியான நேரம். சாதாரண மரக்கரி என்றால் உள்வரை சிவக்கும்படி தனியே கனியவைத்து, பிறகு தட்டுக்கு மாற்றுங்கள்.

ஜன்னல் திறந்திருக்கட்டும். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும், அதற்கு வாசனையே கிடையாது. மூடிய அறையில் தணலை வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது.

4. தூபம் போடுதல்

புதிதாகச் செய்பவர்கள் ஒரே தடவையில் அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். மிளகு அளவில் மூன்று நான்கு துண்டு போதும். தணல்மேல் ஒரு சிட்டிகை சாம்பல் தூவி, அதன்மேல் சாம்பிராணியோ குங்கிலியமோ வையுங்கள். சாம்பல் சூட்டைக் கொஞ்சம் தணிப்பதால் பிசின் கருகாமல் மெதுவாக உருகும். கிட்டே கவனித்தால், துண்டு முதலில் பளபளக்கும், அப்புறம் குமிழிவிட்டு வெள்ளைப் புகை நூலாக எழும். குமிழி அடங்கி, கறுத்து, புகை கண்ணைக் கரிக்க ஆரம்பித்தால் வாசனை தீர்ந்துவிட்டது. அந்தக் கருகலை இடுக்கியால் ஓரம் தள்ளிவிட்டு அடுத்த துண்டைப் போடுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் புகை குறையும், மணம் கூடும்.

5. அணைத்தல்

தண்ணீர் ஊற்றாதீர்கள். சாம்பல் ஆவியோடு தெறிக்கும், தட்டில் சேறு போல் ஒட்டும். தானாக அடங்கட்டும். மேலே பார்க்கச் சாம்பலாக இருந்தாலும் உள்ளே நீறு பூத்த நெருப்பு பல மணி நேரம் இருக்கும். ஓர் இரவு விட்டு, கை வைத்துப் பார்த்து முழுக்க ஆறிய பிறகே கொட்டுங்கள், அதுவும் உலோக டப்பாவில்.

6. பராமரிப்பு

தினமும் தூபம் போடுகிறவர்கள் சாம்பலை அப்படியே வைத்துக்கொள்ளலாம், அன்றாடச் சூடே அதை உலர்த்திவிடும். சில நாள் இடைவெளி விடப்போகிறீர்கள் என்றால் கண்டிப்பாகக் காலி செய்யுங்கள். கரிச்சாம்பலில் உள்ள உப்புகள் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஒரு முறை நான் சாம்பலோடு தட்டை அலமாரியில் வைத்துவிட்டேன். மழை நாட்கள் முடிந்து எடுத்தபோது சாம்பல் கட்டிதட்டிப் போயிருந்தது. அதைப் பெயர்த்தால் அடியில் நாணயம் அளவு பச்சைக் களிம்பு. தேய்த்தும் அந்த இடம் சொரசொரப்பாகவே நின்றுவிட்டது. அந்த வடுவைப் பார்த்தால் இப்போதும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சூட்டில் வரும் கறுப்பும் பழுப்பும் வெறும் ஆக்சைடுதான், கெடுதல் இல்லை. எனக்கு அந்த நிறம் பிடிக்கும், அதனால் வெளிப்பக்கத்தைத் தேய்ப்பதே இல்லை. பச்சை தெரிந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள்.

பளபளப்பு வேண்டும் என்பவர்கள் எலுமிச்சைப் பாதியில் தூள் உப்பைத் தொட்டோ, ஊறிய புளியாலோ ஒன்றிரண்டு நிமிடம் தேய்த்தால் போதும். அமிலம் ஆக்சைடைக் கரைத்துவிடும். அதைவிட முக்கியம் அடுத்த வேலை: உப்பு துளியும் தங்காமல் நிறையத் தண்ணீரில் அலசி, உடனே துணியால் துடைத்து, வெயிலில் வையுங்கள். மடிப்பிலும் விளிம்பிலும் தங்கும் உப்புத் தண்ணீர்தான் மறுபடியும் பச்சையைக் கொண்டுவரும். கம்பி நாரால் தேய்க்க வேண்டாம், கீறலில் அழுக்கு அடையும்.

ஒட்டிய பிசினை, தட்டு ஆறிய பிறகு மரக் குச்சியால் நெம்பினால் செதிலாக வந்துவிடும். மீதிப் பிசுக்கை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கலாம், அப்போதும் பக்கத்தில் நெருப்பு கூடாது.

மெல்லிய தகட்டில் செய்த தட்டு அடிக்கடி சூடு பட்டால் இளகிப்போகும், கீழே விழுந்தால் எளிதாக நெளியும். நெளிந்தால் சுத்தியலைத் தேடாதீர்கள். வழவழப்பான மரக்கட்டைமேல் கவிழ்த்து, கட்டை விரலால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினாலே பெரும்பாலும் நேராகிவிடும்.